ஒக்டோபர் 30, இரண்டு தடவை

2024 ஒக்டோபர் 25

அவள் வருகிறாள். புத்தளத்தில் பஸ் ஏறி, வவுனியாவில் மாறி, 29ஆம் திகதி இரவுக்குள் யாழ்ப்பாணம் வந்துவிடுவாள். காரில் கூட்டிவருகிறேன் என்றானாம் மகன். வேண்டாம் என்றுவிட்டாள். "அவன் வந்தா அவசரப்படுத்துவான் புள்ள. நான் ஆறுதலாப் பாக்கோணும்."

2002இல் யாழ்ப்பாணத்துக்கான A9 பாதை திறந்த பிறகு எத்தனையோ முறை வந்து வளவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். 30ஆம் திகதி இங்கே நிற்க வேண்டும் என்று கேட்பது இதுதான் முதல் தடவை.

நாங்கள் நாலு பேர். அவள் புத்தளத்தில், ஒருவன் ரொறன்ரோவில், நான் இங்கே. நாலாமவன் 1991இல் ஆனையிறவுச் சண்டையில் செத்துப்போனான். அவனுடைய தங்கை இந்த ஊரில்தான் இருக்கிறாள் என்பதால் யாருடைய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை.

ஒக்டோபர் 26

பெட்டிக்கு அடியிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்தேன். ரியூசன் முடிந்து பின்னேரங்களில் றோணியோ என்கிற படியெடுக்கும் மெசினில் அடித்தது. மெழுகுத்தாளில் எழுதும்போது ஒரு எழுத்துப் பிழைத்தாலும் சிவப்புத் திரவத்தைப் பூசி, அது காயும்வரை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ஊதுகிற வேலை என்னுடையது. எழுத்து அழகு என்பதால் எழுதுகிற வேலை அவளுடையது. இன்றைக்கும் தாளைத் தடவினால் விரலில் மை ஒட்டுகிறது.

1985 ஆடி மாதத்து இதழ் இது. திம்புவில் அரசாங்கத்துக்கும் இயக்கங்களுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நேரம். நாலு வருசத்துக்கு முன்னர்தான் யாழ்ப்பாண நூலகத்தை எரித்திருந்தார்கள். 83 ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சனம் இன்னும் உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பத்தொன்பது இருபது வயது. நாடு கிடைக்கப்போகிறது என்பதைவிட, அது எப்படிப்பட்ட நாடாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுடைய ஓயாத சண்டை. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்காக அடிவாங்கியவர்களைப் பற்றி நாலாமவன் நீளமான கட்டுரை எழுதியிருக்கிறான். சொந்தச் சனத்தையே வாசலில் மறிக்கிற சமூகம் யாரிடம் போய் விடுதலை கேட்கிறது என்று அதில் ஒரு வரி. அப்படி எழுதியவன் அவன். இதை நான் மறக்கமாட்டேன், மற்றவர்களையும் மறக்க விடமாட்டேன்.

அதே இதழில் அவளுடைய கதை. அவளுடைய வாப்பா தையல் கடை வைத்திருந்தார். வீட்டிலிருந்தபடி சேட்டுகளுக்குக் காஜா எடுத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. ஓரத்தில் பென்சிலால் நாலாமவன் எழுதியிருக்கிறான்: "கடைசிப் பந்தி தேவையில்லை, வெட்டு." கீழே அவள்: "வெட்டமாட்டேன்." அதற்குக் கீழே அவன்: "சரி, வெட்டாதே. நாளைக்கு வருவாயா?"

அவர்களுக்குள் இருந்தது முதலில் எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. பிறகு கடிதங்கள் என் கையால் போய்வந்தன. கலியாணம் என்றால் இரண்டு பேரும் அவரவர் மதத்திலேயே இருப்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். அவள் மாறத் தேவையில்லை, நானும் மாறமாட்டேன், பிள்ளைகள் வளர்ந்து தாங்களே தீர்மானிக்கட்டும் என்பான். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் இதைச் சத்தமாகச் சொல்லவே துணிச்சல் வேண்டும்.

ஒக்டோபர் 28

ரொறன்ரோக்காரனோடு கதைத்தேன். 1986 சித்திரை, வைகாசியில் அவனுடைய இயக்கத்தை மற்ற இயக்கமான விடுதலைப் புலிகள் அழித்தபோது, எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஒளிந்திருந்து தப்பிப் போனவன். அப்போது நாலாமவன் அந்த மற்ற இயக்கத்தில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கொட்டிலில் ஆள் இருப்பது அவனுக்குத் தெரியும். காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் இயக்கத்தை விட்டு விலகவும் இல்லை.

"அவள் 30ஆம் திகதி ஏன் வாறாள்?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். "அவனைப் பற்றிக் கதைச்சா, நானும் ஒரு காலத்தில அவன்ர சிநேகிதன்தான் எண்டு சொல்லு," என்றான். முப்பத்தெட்டு வருசமாக இந்த ஒரு வசனம் அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

ஒக்டோபர் 30

காலையில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் சோனகத் தெருவுக்கு நடந்தோம். சனம் இருக்கிறது. பாங்கு கேட்கிறது, ஒஸ்மானியாவில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் குடியிருக்கிற வீடுகளுக்கு நடுவே கூரையில்லாத சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவளுடைய வளவில் கிணற்றுக்கட்டு மட்டும்தான் முழுசாக இருக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

1990இல் இதே நாள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம், எல்லோரும் ஒஸ்மானியா மைதானத்துக்கு வர வேண்டும் என்று. ஏதோ நிவாரண விசயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாப்பா போனார். போனவர் ஓடிவந்தார். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும். உம்மா உலையில் அரிசி போட்டிருந்தார். சோற்றை வடிக்காமல் வரமாட்டேன் என்று அடுப்படியை விட்டு அசையவில்லையாம். வாப்பா தையல் மெசினின் தலையைக் கழற்றப் பார்த்திருக்கிறார். கை நடுங்கியதில் ஆணி கழரவில்லை. நூல் கோத்த ஊசியோடு அது அப்படியே நின்றது.

சந்தியில் மறித்துச் சோதித்தார்கள். நகைகளைக் கழற்ற வைத்தார்கள். அவளுடைய வரிசையில் பைகளைப் பார்த்தவன் நாலாமவன்.

இதுவரை அவள் இதை என்னிடம் சொன்னதில்லை.

"பைக்குள்ள குர்ஆன் இருந்திச்சு. அதைச் சுத்தின துணிக்குள்ள அவன்ர கடிதங்கள். துணியில கை வச்சான். அவனுக்கு விளங்கிட்டுது. கையை எடுத்துட்டு, 'போகச் சொல்லு' எண்டான். சொன்னது பக்கத்தில நிண்ட பெடியனிட்ட புள்ள. என்னிட்ட இல்ல."

அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முதலில் சாவகச்சேரி, பிறகு மன்னார், மாதக் கடைசியில் யாழ்ப்பாணம். இத்தனை ஆயிரம் பேருடைய பைகளைத் திறந்து பார்க்கவும் ஆட்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள். அந்த ஆட்களில் ஒருவன், கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்களுக்காக எழுதியவன்.

பின்னேரம் அவளுக்கு 1995 ஒக்டோபர் 30 பற்றிச் சொன்னேன். ஐந்து வருசம் கழித்து அதே திகதி. ஆமி வருகிறது, இரவோடிரவாகத் தென்மராட்சிக்குப் போங்கள் என்று எங்களுக்கும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மழை. செம்மணிப் பக்கமும் நாவற்குழிப் பாலத்திலும் சனம் அடி எடுத்து வைக்க இடமில்லாமல் விடியவிடிய நின்றது. முதியவர்களைச் சைக்கிளில் வைத்து உருட்டினார்கள். அந்த நெரிசலில் எங்களுக்குப் பக்கத்தில் வந்த கிழவி ஒருத்தி, "சோனகரை அனுப்பின பாவமடி இது," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தாள். யாரும் அவளை அதட்டவில்லை.

அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாள் எண்டு நினைச்சு நான் சந்தோசப்பட்டதில்ல," என்றாள். எனக்கு அது தெரியும்.

நவம்பர் 1

இன்று சண்டை பிடித்தோம். பழையபடி, சத்தமாக.

தொடக்கம் தையல் மெசின். அவர்கள் போய் ஒரு கிழமையில், இருட்டுப்பட்ட பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சைக்கிள் கரியரில் சாக்குப் போட்டு மூடிய மெசின் தலை. "அவளிட்டக் குடு," என்றான். எப்படிக் கொடுப்பது? போக்குவரத்து இல்லை, கடிதம் இல்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். மேலிடத்து முடிவு என்றான், அவர்களுடைய பாதுகாப்புக்கும் நல்லது என்றான். பிறகு மெதுவாக, "அவள் உன்னட்ட ஏதும் சொன்னவளோ?" என்றான். "சந்தியில நீதானே நிண்டனி, நேரில கேட்டிருக்கலாமே," என்றேன். போய்விட்டான். அதற்குப் பிறகு நான் அவனைக் காணவில்லை. மெசினை 95இல் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகூட இல்லை.

2002இல் பாதை திறந்து முதன்முதலாகச் சந்தித்தபோது, மெசின் கதையையும் அவன் இறந்ததையும் ஒன்றாகத்தான் அவளுக்குச் சொன்னேன். மெசின் கதையைக் கேட்ட அன்றைக்கே அவனை மன்னித்தாயிற்று என்கிறாள் அவள். பிடிபட்டிருந்தால் அவனை என்ன செய்திருப்பார்கள் தெரியுமா என்று கேட்கிறாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அது தெரிந்த பிறகும் அவன் சீருடையைக் கழற்றவில்லை. ஒரு கடிதக்கட்டைத் திறக்காமல் விட்டான், ஒரு மெசினை மீட்டான். பக்கத்து வீட்டுக்காரிகளின் காதிலிருந்து தோட்டைக் கழற்றும்போது என்ன செய்தான்? காதலித்தவளுக்கு மட்டும் காட்டிய இரக்கத்தை எப்படி நான் அவனுடைய இலட்சியத்தின் கணக்கில் வைப்பேன்? அவனுடைய கட்டுரையை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அதில் இருந்தது எல்லோருக்குமான கதவு.

"உனக்கு அவன்ர கட்டுரையில காதல், எனக்கு அவனில," என்றாள். நான் பதில் சொல்லவில்லை. உண்மை என்று பட்டது.

பின்னேரம் ஓட்டோ பிடித்துக் கோப்பாய்க்குப் போனோம். புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த இடத்தில் கல்லறைகளை இடித்து ஆமி முகாம் கட்டியிருக்கிறது. அவனை அங்கேதான் வைத்தார்கள் என்று அவனுடைய தங்கை முன்பு சொல்லியிருந்தாள். ரோட்டுக்கு மறுபக்கம் நின்று அவள் கையேந்தித் துஆக் கேட்டாள். சென்ரியில் நின்ற பெடியன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது நாங்கள் பத்திரிகை அடித்த வயதுதான் இருக்கும்.

நவம்பர் 3

காலை பஸ்ஸில் போய்விட்டாள். போகும்போது பத்திரிகையைக் கொண்டுபோகச் சொன்னேன். உன்னிடமே இருக்கட்டும், பேத்திக்கு வாசிக்கப் படம் எடுத்து அனுப்பு என்றாள். பக்கம் பக்கமாக எடுத்து அவளுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிவிட்டேன். அவன் உடனே பதில் போட்டான்: அந்தக் காஜாக் கதையின் கடைசிப் பந்தி நல்லாத்தான் இருக்கிறது, வெட்டச் சொன்னது பிழை என்று.

அவள் வளவில் வீடு கட்டப்போகிறாள். வெளியேறியபோது ஒரு குடும்பம், இன்றைக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பல குடும்பம். காணி ஒன்றுதான். புத்தளத்தில் பதிவு இருந்தால் இங்கே வீட்டுத்திட்டத்தில் சேர்க்க யோசிக்கிறார்கள், இங்கே பதிந்தால் அங்கே பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பிரச்சினை. வாப்பாவின் பெயரில் இருந்த உறுதி 90இல் வீட்டோடு போய்விட்டது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து, நில அளவையாளரைப் பிடித்து எல்லைக்கல் போட வேண்டும். நாளைக்குக் காலையில் முதல் வேலை அதுதான். ஒன்பது மணிக்கு முன்னர் போனால் வரிசை குறைவாக இருக்கும் என்கிறார்கள்.