அழைப்பாணையைப் புறக்கணித்த அதிகாரி மீது வழக்கு ஏன் தாமதிக்கிறது?

அழைப்பாணை கிடைத்தும் மன்றுக்கு வராத ஒருவருக்கு எதிராக நீதவான் பிடியாணை பிறப்பிப்பதைத் திருகோணமலையில் நாங்கள் பார்த்துப் பழகியவர்கள். இங்கே அழைப்பவரும் நீதவான், வராதவரைப் பிடித்து வரச் சொல்பவரும் அவரே. அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. காங்கிரஸ் குழுவொன்றின் அழைப்பாணையை உயர் அதிகாரி ஒருவர் வெளிப்படையாகவே புறக்கணித்த பின்னும் மாதக்கணக்கில் வழக்கு எதுவும் தொடரப்படாமல் இருப்பது எப்படி? "பெரிய இடத்து ஆக்கள் ஐயா, தொட மாட்டாங்கள்" என்கிறார் உட்துறைமுக வீதியில் என்னோடு பத்திரிகை படிக்கும் நண்பர். அவர் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மையும் அதுவன்று.

அமெரிக்காவில் அழைப்பது ஒரு தரப்பு, வழக்குத் தொடுப்பது இன்னொரு தரப்பு. 1857 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாட்டின்படி, பிரதிநிதிகள் சபை ஒருவரை அவமதிப்புக் குற்றவாளியாக வாக்களித்துத் தீர்மானித்தால், அந்த விடயம் வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி வழக்குத்தொடுநருக்கு அனுப்பப்படும். அதைப் பெரும் யூரி சபை முன், அதாவது குற்றஞ்சாட்டுவதா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழு முன், வைப்பது அவருடைய கடமை என்று சட்டம் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வழக்குத்தொடுநர் நீதித் திணைக்களத்தின் கீழ் இயங்குபவர்; அத்திணைக்களமோ ஜனாதிபதியின் கீழ் இருப்பது. ஆகவே ஜனாதிபதியின் கட்டளைப்படி ஆவணத்தை மறைத்த அதிகாரி மீது, அதே ஜனாதிபதியின் திணைக்களமே வழக்குத் தொடுக்க வேண்டிய விசித்திரமான நிலை உருவாகிறது.

1982 டிசம்பரில் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் தலைவி ஆன் கோர்சச்சைச் சபை அவமதிப்புக் குற்றவாளியாக்கியபோது வழக்குத்தொடுநர் அதைப் பெரும் யூரி சபைக்குக் கொண்டுபோகவில்லை. நீதித் திணைக்களம் சபைக்கு எதிராகவே ஒரு வழக்கைத் தாக்கல் செய்தது. அது 1983 இல் தள்ளுபடியானது, ஆவணங்கள் பற்றி இணக்கம் ஏற்பட்டது, அவரும் பதவி விலகினார். ஜனாதிபதி நிறைவேற்றுத்துறைச் சிறப்புரிமையை, அதாவது தம் நிர்வாகத்தின் உள்விடயங்களைக் காங்கிரஸுக்கு வெளியிடாமல் வைத்திருக்கும் உரிமையை, கோரியிருக்கும்போது, அதற்குக் கீழ்ப்படிந்த அதிகாரி மீது வழக்குத்தொடுநர் நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டவர் அல்லர் என்ற கருத்தை 1984 இல் அத்திணைக்களம் எழுதி வைத்தது. பின்வந்த இரு கட்சி நிர்வாகங்களும் அதை வசதியாகவே பற்றிக்கொண்டன. 2012 இல் எரிக் ஹோல்டர் மீதும் 2019 இல் வில்லியம் பார் மீதும் சபை நிறைவேற்றிய தீர்மானங்கள் குற்ற வழக்காகவில்லை. இருவருமே பதவியிலிருந்த சட்டமா அதிபர்கள், அதாவது அதே நீதித் திணைக்களத்தின் தலைவர்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இதற்கு எதிர்ப்புறத்தில் ஜனாதிபதி ட்ரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானன் நிற்கிறார். 2021 ஜனவரி 6 இல் ட்ரம்பின் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்தைத் தாக்கியதை விசாரித்த சபைக் குழு அழைத்தும் வராதவர் அவர். 2021 அக்டோபர் 21 இல் சபை வாக்களித்தது, நவம்பர் 12 இல் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. அவர் 2017 இலேயே வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறியவர். ஒரு தாளைக்கூடக் கையளிக்கவில்லை. அதே குழு அழைத்த பீற்றர் நவாரோவோ அந்தத் தாக்குதல் நடந்த காலத்தில் வெள்ளை மாளிகை ஆலோசகராகவே இருந்தவர். அவர் மீதும் சபை வாக்களித்து இரண்டு மாதங்களுக்குள் வழக்கு வந்தது. ட்ரம்ப் உண்மையில் சிறப்புரிமையைக் கோரினார் என்பதை நவாரோவால் நீதிமன்றில் நிறுவ முடியவில்லை. ஆனால் அதே குழு அழைத்த மார்க் மெடோஸ் மீது சபை வாக்களித்தும் வழக்கு வரவில்லை. அவர் முதலில் ஆயிரக்கணக்கான குறுஞ்செய்திகளையும் ஆவணங்களையும் கொடுத்துவிட்டுப் பிறகே சாட்சியமளிக்க மறுத்தார். அவர் வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியாகவும் இருந்தவர். பாதி ஒத்துழைத்தவர் வேண்டுமென்றே மறுத்தார் என்று நிரூபிப்பதும், காங்கிரஸ் முன் சாட்சியமளிப்பதிலிருந்து உயர் ஆலோசகருக்கு எந்த அளவு விலக்குரிமை உண்டு என்பதை முதன்முறையாக ஒரு குற்ற வழக்கில் வைத்துத் தீர்ப்புக் கேட்பதும் வழக்குத்தொடுநருக்குச் சூதாட்டம் போன்றவை. தோற்றால் அந்தத் தீர்ப்பு அடுத்தடுத்த அதிகாரிகளுக்கெல்லாம் கேடயமாகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தக் குற்றத்துக்கு ஒரு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரையே சிறை. அதே மனிதர் பெரியதொரு விசாரணையில் சாட்சியாகவோ சந்தேகநபராகவோ வரக்கூடுமானால், சிறு குற்றத்துக்காக இப்போதே வழக்குத் தொடுப்பது, கையிலுள்ள சான்றுகளை அவருடைய சட்டத்தரணிக்கு முன்கூட்டியே காட்டுவதாக முடியலாம். வழக்குத் தொடுக்க ஐந்து ஆண்டு அவகாசம் இருப்பதால் அவசரமும் இல்லை.

எனினும் அந்த அவகாசம் வழக்குத்தொடுநருக்கு மட்டுமன்றி மறுத்தவருக்கும் உதவுகிறது. விரைந்து குற்றஞ்சாட்டப்பட்ட பானன்கூட, மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்த பின், 2024 ஜூலையில்தான் சிறை சென்றார். அவரை அழைத்த குழு அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே கலைந்துவிட்டது. தண்டனை கிடைத்தது, சாட்சியம் கிடைக்கவில்லை. 2008 இல், ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் சட்ட ஆலோசகராக இருந்த ஹரியட் மையர்ஸ் மீது குற்ற வழக்குத் தொடர மறுக்கப்பட்டபோது சபை குடியியல் வழக்கை நாடியது. முழுமையான விலக்குரிமை இல்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நீதிபதி தீர்ப்பளித்தபோதும், ஆட்சி மாறிய பிறகே மையர்ஸ் வாய் திறந்தார்.

என் நண்பரின் சந்தேகத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். எங்கள் நகரின் கடற்படைத் தளத்தில் தடுத்து வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பதினொரு இளைஞர்களின் கடத்தல் வழக்கில், முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் 2021 இல் அறிவித்ததைக் கண்ட ஊர் இது. தாமதத்தின் பின்னால் சட்டக் காரணம் இருக்கலாம் என்று இங்கே எவரும் இலகுவில் நம்பமாட்டார்கள். மெடோஸின் விடயத்தில் காரணம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 2022 ஜூனில் வழக்குத்தொடுநர் சபைக்கு அனுப்பிய கடிதம், தனித்தனிச் சூழ்நிலைகளை ஆராய்ந்து வழக்கில்லை என்று முடிவெடுத்ததாகச் சொன்னதே தவிர, அந்தச் சூழ்நிலைகள் எவை என்று சொல்லவில்லை. அவற்றைச் சொல்லாமல் விட்டதற்கு மட்டும் எனக்கு நியாயம் தெரியவில்லை.