தலைவர் முகமும் கங்கா ஜமுனா பார்டரும்

எங்கள் அடுக்குமாடி அசோசியேஷன் தலைவர் எங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டார். லிஃப்டில் எதிர்ப்பட்டால் மாடி நம்பரையே முறைத்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் பிளாக்கில் இருப்பதே மூன்று மாடி. அதற்குள் எவ்வளவுதான் முறைக்க முடியும்? இத்தனைக்கும் காரணம் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதையும் அவரேதான் வாட்ஸப்பில் அனுப்பிவைத்தார்.

ஆரம்பித்துவைத்தவள் என் மகள், பெரியவள். பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் பிராக்டிகலுக்காக நோட்பேடில் வெப் பேஜ் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா போய்ப் பின்னால் நின்றார். அப்பா யார் பின்னாலாவது போய் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மிக்ஸி ரிப்பேர்காரர் பின்னால் நின்று கற்றுக்கொண்டதில் எங்கள் வீட்டில் இப்போது மூன்று மிக்ஸி இருக்கிறது, ஓடுவது ஒன்று.

"வெறும் நோட்பேட்ல அடிச்சா வெப் பேஜ் வந்துடுமா பாப்பா?"

"வந்துடும் தாத்தா. எச்டிஎம்எல்னு சேவ் பண்ணணும், பிரவுசர்ல திறக்கணும். அவ்ளோதான்."

"காசு?"

"ஒண்ணும் கிடையாது."

போச்சு. காசு கிடையாது என்ற சொல்லை அப்பா காதில் போடவே கூடாது. அடுத்த நாள் காலையில் அசோசியேஷன் செயலாளர் என்ற முறையில் ஒரு பேஜ் தயார் செய்துவிட்டார். மோட்டார் போடும் நேரம், சம்ப் கழுவும் தேதி, கடைசியாக மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்போர் பட்டியல். இந்தப் பட்டியலுக்காகத்தான் அவர் செயலாளராகவே இருக்கிறார் என்பது அம்மாவின் கட்சி.

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. அப்பாவுக்குத் திருப்தி இல்லை. "மங்களகரமாவே இல்லையே" என்றார். பெரியவளின் புத்தகத்தைப் புரட்டி, பாடி டேகுக்குள் பின்னணி நிறத்துக்கென்று பிஜிகலர் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, பேஜ் முழுக்க மஞ்சள் பூசினார். சாதா மஞ்சள் இல்லை, திறந்ததும் கண்ணைக் கூசும் மஞ்சள். எங்கள் அவர் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் தற்செயலாகப் பார்த்துவிட்டு, கூலிங் கிளாஸ் தேடினார்.

"தாத்தா, பிஜிகலர்லாம் பழசு. எச்டிஎம்எல் அஞ்சுல தூக்கிட்டாங்க. இப்ப ஸ்டைல்ல பேக்ரவுண்ட்-கலர்னுதான் போடணும்."

"தூக்கிட்டாங்கன்னா, எப்படி வேலை செய்யுது?"

"வேலை செய்யும். ஆனா யாரும் கூப்பிட மாட்டாங்க."

"நானும் ரிட்டயர்டுதான்" என்று சொல்லிவிட்டு அப்பா மஞ்சளை அப்படியே விட்டுவிட்டார்.

இத்தோடு நின்றிருந்தால் லிஃப்டில் பிரச்சினை இருந்திருக்காது. சாயங்காலம் தலைவர் பால் கார்டு விஷயமாக வந்தார், பேஜைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அசோசியேஷன்னா யாரு, என்னன்னு ஒரு முகம் தெரிய வேண்டாமா?" என்றார். யாருடைய முகம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போட்டோ வந்துவிட்டது. கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. ஏதோ பழைய அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்திருக்கிறார், மீசை முழுக் கறுப்பு.

அப்பா அதை பேக்ரவுண்ட்-இமேஜ் என்று போட்டு, சேவ் செய்து, பிரவுசரைத் திறந்தார். திறந்ததும் நான் அடுப்படியிலிருந்து ஓடிவர வேண்டியதாயிற்று, அம்மா அப்படி ஒரு சத்தம் போட்டாள்.

பேஜ் முழுக்கத் தலைவர். மேலிருந்து கீழ்வரை, இடமிருந்து வலம்வரை, இண்டு இடுக்கு விடாமல் தலைவர். நம்மிடம் ஒன்றும் கேட்காமல், படம் சின்னதாக இருந்தால் அதையே திருப்பித் திருப்பி ஒட்டி இடத்தை நிரப்பிவிடுவது பிரவுசரின் பிறவிக் குணமாம். தேர்தல் சமயத்தில்கூட ஒரே சுவரில் ஒரே ஆளை இத்தனை முறை பார்த்ததில்லை. "மோட்டார் காலை 6 மணி" என்பது மூன்றாவது தலைவரின் மீசையில் ஆரம்பித்து ஐந்தாவது தலைவரின் மீசையில் முடிந்தது. எல்லாத் தலைவர்களும் நம்மையே பார்க்கிறார்கள். சின்னவன் பயந்து அழுதான்.

தலைவருக்குக் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுல ஒண்ணும் தப்பில்லையே" என்றார்.

பெரியவள்தான் பிடிவாதமாக நோ-ரிப்பீட் போட்டாள். ஒரே ஒரு தலைவர் மிஞ்சினார், இடது மேல் மூலையில். இடம் எதுவென்று சொல்லாவிட்டால் படம் அங்கேதான் போய் உட்காருமாம். தலைவர் முகம் சுண்டிவிட்டது. "என்னை ஓரங்கட்டிட்டீங்களே." சரி என்று பேக்ரவுண்ட்-பொசிஷன் சென்டர். நடுவில் வந்தார், ஆனால் பாக்கிப் பட்டியலுக்கு அடியில் வந்தார். அவர் வாய்மேல் ஏ-2 வீட்டின் ஐந்தாயிரம் ரூபாய் பாக்கி. "பெரிசு பண்ண முடியாதா?" பேக்ரவுண்ட்-சைஸ் கவர். கவர் என்றால் ஒரு அங்குலம்கூட வெற்றிடம் விடாமல் படத்தை விரித்துப் போர்த்திவிடும். மிஞ்சுவதை வெட்டிவிடும். கட்டைவிரல் போட்டோ பதினைந்து அங்குலத் திரைக்கு விரிந்தால் என்ன ஆகும்? நெற்றி இல்லை, தாடை இல்லை. கட்டம் கட்டமாக ஒரு மூக்கு, அதன்கீழ் மீசை. அம்மா பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டு பிரஷ்?" என்றாள். நல்லவேளை, தலைவர் அப்போது பாத்ரூம் போயிருந்தார்.

கடைசியில் கன்டெயின் என்று போட்டதில் முழு முகமும் திரைக்குள் அடங்கியது. அட்டாச்மென்ட் ஃபிக்ஸட் என்று ஒன்றையும் சேர்த்தாள். எழுத்தை மேலே தள்ளினால் எழுத்து மட்டும் போகும், படம் நகராது. இது தலைவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மவுஸைத் தானே வாங்கி, மேலும் கீழும் உருட்டி உருட்டிப் பார்த்தார். மோட்டார் போகிறது, சம்ப் போகிறது, பாக்கிக்காரர்கள் எல்லாரும் போகிறார்கள், அவர் மட்டும் அசையவில்லை.

பேஜை பென் டிரைவில் போட்டுக் கொடுத்து அனுப்பினார் அப்பா. அங்கேதான் வந்தது வினை. அப்பா கொடுத்தது எச்டிஎம்எல் ஃபைலை மட்டும். படம் அந்த ஃபைலுக்குள் இருக்காது, படம் இருக்கும் இடத்தின் விலாசம்தான் ஃபைலுக்குள் இருக்கும். போட்டோ எங்கள் வீட்டு லேப்டாப்பிலேயே தங்கிவிட்டது. தலைவர் வீட்டில் மனைவி, மாப்பிள்ளை, பெண் எல்லாரையும் உட்காரவைத்துத் திறந்திருக்கிறார். வெறும் மஞ்சள். மஞ்சளுக்கு நடுவே பாக்கிப் பட்டியல். பட்டியலில் நான்காவதாக அவர் பெயர், சிவப்பு பார்டருக்குள்.

இதைவிட மோசம், பொருளாளருக்கு அப்பா மொத்த ஃபோல்டரையும் கொடுத்திருந்தார். அதனால் பொருளாளர் வீட்டில் தலைவர் முகம் ஜம்மென்று தெரிகிறது, தலைவர் வீட்டில் தெரியவில்லை. இது தொழில்நுட்பக் கோளாறு என்று நீங்கள் போய்ச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிவிட்டேன். "பார்டர் மட்டும் கரெக்டா வந்திருக்கே?" என்று கேட்டார். பார்டருக்குத் தனி ஃபைல் வேண்டாம், அது எழுத்தோடேயே வந்துவிடும் என்று விளக்குவதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

அந்த பார்டருக்குப் பின்னால் ஒரு தனிக்கதை. அப்பா முதலில் பார்டர்-கலர் ரெட் என்று மட்டும் அடித்தார். ஒன்றும் வரவில்லை. தடிமனைக் கூட்டினார், வரவில்லை. லேப்டாப்பைத் தட்டினார், வரவில்லை. "ஸ்டைல் இல்லை தாத்தா" என்றாள் பெரியவள். கோடு எந்த மாதிரி என்று சொல்லாதவரை கோடே கிடையாதாம். பிறகு சாலிட், டாட்டட், டேஷ்ட், டபுள், குரூவ், ரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், பார்டர் என்ற சொல் காதில் விழுந்து அம்மா உள்ளே நுழைந்தாள்.

அம்மாவுக்கு லேப்டாப்பைத் திறக்கவே தெரியாது. ஆனால் பார்டர் விஷயத்தில் அம்மாவிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. டபுளை அப்பா 1 பிக்சலில் போட்டுவிட்டு, ஒற்றைக் கோடுதான் வருகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். "இத்தனூண்டு அகலத்துல ரெட்டைப் பார்டர் எப்படிங்க வரும்? இதுக்கும் அதுக்கும் நடுவுல உடம்பு தெரிய வேண்டாமா?" என்றாள். 3 பிக்சல் கொடுத்ததும் இரண்டு கோடாகப் பிரிந்தது. பெரியவள் பாட்டியைப் பார்த்த பார்வையே வேறு.

அடுத்தது அகலம். அப்பா பெட்டியின் அகலம் நூறு சதவீதம் என்று போட்டு, மேற்கொண்டு பார்டரையும் தடியாகக் கொடுத்திருந்தார். பேஜ் வலப்பக்கம் பிதுங்கி, கீழே ஸ்க்ரோல் பார் முளைத்துவிட்டது. அம்மா சொன்னாள்: "பார்டரோட சேர்த்துத்தான் அகலம் அளக்கணும். கடையில வேற எப்படி அளப்பான்?" பாக்ஸ்-சைஸிங், பார்டர்-பாக்ஸ் என்று அடித்தாள் பெரியவள். பிதுங்கல் போயே போச்சு. இதைச் சொல்லிக்கொடுக்க வெளியில் ஃபீஸ் வாங்குகிறார்கள் தெரியுமோ?

"மேல ஒரு கலர், கீழ ஒரு கலர் போட முடியுமா?"

"முடியும் பாட்டி. நாலு பக்கமும் தனித்தனியாவே போடலாம்."

"கங்கா ஜமுனாவா! இவ்வளவு சுலபமாவா?" அம்மாவுக்குத் தாங்கவில்லை. காஞ்சிபுரத்தில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். தறியில் மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் கையாள் உட்கார வேண்டும், இழைக்கு இழை கோர்த்துக்கொண்டே போக வேண்டும். இங்கே என்னடாவென்றால் ஒரு வரி. மேலே கிளிப்பச்சை, கீழே அரக்கு. சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று சந்தேகம். "நாலு பக்கமும் பார்டர்னா, முந்தி எங்க?"

பதில் சொல்ல ஆளில்லை.

நிறங்கள் மொத்தம் எத்தனை என்று கேட்டாள். 1,67,77,216 என்றாள் பெரியவள், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படி, பெருக்கினால் அவ்வளவு. "எல்லாத்தையும் எடுத்துப் போடு, பார்க்கலாம்." அம்மாவை ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனவர்களுக்கு இது விளையாட்டில்லை என்று தெரியும். பெயர் வைத்தவை 140-க்குக் கொஞ்சம் மேலேதான் என்று சமாதானம் சொல்லி அந்தப் பட்டியலைத் திறந்தோம். டொமேட்டோ, சாக்லேட், சால்மன், வீட், லெமன்சிஃபான், பப்பாயாவிப். "கலர் லிஸ்டா, மெனு கார்டா?" என்றார் அப்பா. இதில் டார்க்கிரே என்று இருப்பது வெறும் கிரேயைவிட வெளுப்பு. நான் நம்பவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள், வெளுப்புத்தான். இரண்டு பழைய பட்டியல்களை ஒன்றாக்கியதில் வந்த குளறுபடியாம். எங்கள் அசோசியேஷன் கணக்கு இரண்டு நோட்டில் இருப்பதால் அப்பா அதிகம் கேள்வி கேட்கவில்லை.

ஊதா வரிசையில் அம்மாவின் விரல் நின்றது. "இது என்ன, ஆள் பேர் மாதிரி இருக்கு?"

"ரெபெக்காபர்ப்பிள். ஆள் பேர்தான் பாட்டி."

"நம்ம எம்.எஸ். ப்ளூ மாதிரியா? பெரிய பாட்டுக்காரியோ?"

இல்லை. எரிக் மேயர் என்று அமெரிக்காவில் ஒருவர். இந்த பார்டர், பேக்ரவுண்ட் எல்லாம் அடங்கிய சிஎஸ்எஸ் பற்றிப் பல காலமாக எழுதி, பலருக்கும் சொல்லிக்கொடுத்தவர். அவர் மகள் ரெபெக்கா. மூளையில் புற்றுநோய். 2014 ஜூன் 7, அவளுடைய ஆறாவது பிறந்தநாளன்றே போய்விட்டாள். அவளுக்குப் பிடித்த நிறம் ஊதா. மேயரின் துறைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து, பட்டியலில் ஒரு ஊதாவுக்கு அவள் பெயரை வைக்கலாம் என்றார்கள். பெக்கா என்று செல்லப்பெயரில் வைக்கத்தான் முதலில் யோசனை. மேயர் வேண்டாம் என்றார். பெக்கா குழந்தைப் பெயர், ஆறு வயசானால் நான் பெரிய பெண், ரெபெக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவள் முன்பே சொல்லிவைத்திருந்தாளாம். கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணி நேரம் அவள் ஆறு வயசுப் பெண்ணாக இருந்தாள். அதனால் முழுப் பெயர். அதே மாதம் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது எந்த பிரவுசரில் அடித்தாலும் வரும்.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் கலரையே தலைப்புக்குப் போடு. அரக்கு பார்டர் எடுத்துடு, அடிக்கும். பழுத்த எலுமிச்சை நிறம் போடு, குழந்தைக்கு எடுப்பா இருக்கும்."

அப்பா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ஒரு எழுத்து விட்டுப்போனதால் நிறமே வரவில்லை. மறுபடி அடித்தார். வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா யாழினி" என்றார்.

பதினாறு வருஷமாக பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டு, வேண்டாம் என்று அவள் சண்டை போட்டும் கேட்காத மனுஷர். பெரியவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"எதுக்கு தாத்தா திடீர்னு முழுப் பேர்? என் பிராக்டிகல் ஃபைல் மேலயே சேவ் பண்ணிட்டீங்களா?"

பண்ணியிருந்தார்.