இரண்டு பொத்தான்களுக்கு நடுவே நின்ற விரல்

முன்பதிவுச் செயலி ஒன்றுக்குத் திரைகளை வடிவமைத்துக்கொண்டிருந்த நாட்கள். பயனர் சோதனைக்கு வந்திருந்த பெண்மணியிடம், செய்த முன்பதிவை ரத்து செய்து காட்டச் சொன்னோம். 'முன்பதிவை ரத்து செய்யவா?' என்று திரை கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'சரி', 'ரத்து'. அவருடைய விரல் அந்தரத்தில் நின்றது. வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு 'ரத்து' என்பதை அழுத்தினார். அந்தப் பொத்தான் ரத்து செய்தது கேள்வியை மட்டும்தான்: கேள்விப் பெட்டி மறைந்தது; முன்பதிவு அப்படியே இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நம்பி, நிம்மதியோடு செல்பேசியை என்னிடம் நீட்டினார்.

அந்த வாசகத்தை எழுதியவன் நான். அவருடைய நிம்மதியைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மறுநாளே பொத்தான்களை 'முன்பதிவை ரத்து செய்', 'முன்பதிவு இருக்கட்டும்' என்று மாற்றினோம். மேலே உள்ள கேள்வியைப் பலர் படிப்பதே இல்லை. பொத்தானை மட்டும் பார்த்தாலும் என்ன நடக்கும் என்று புரிய வேண்டும். இன்னும் யோசித்தபோது, பல இடங்களில் அந்தப் பெட்டியே தேவையில்லை என்று தெரிந்தது. அனுப்பிய மின்னஞ்சலைச் சில விநாடிகளுக்குள் திரும்பப் பெற முடிகிறதல்லவா, அதைப்போல மீட்டுக்கொள்ள வழி கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் வழிமறித்துக் கேட்க வேண்டியதில்லை.

தேர்வுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக் 1952-இல் சோதனைகள் மூலம் காட்டினார். இதைக் கேட்டதும் எல்லாவற்றையும் வெட்டப் புறப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த நேரம் மடக்கை விகிதத்தில்தான் ஏறுகிறது: நான்கை எட்டாக்கினால் கூடுவதும், எட்டைப் பதினாறாக்கினால் கூடுவதும் ஏறக்குறைய ஒரே அளவு. தனக்கு வேண்டியது எது என்று தெரிந்தவர் அகரவரிசையில் உள்ள நீண்ட பட்டியலிலும் திணறுவதில்லை. எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாவிட்டால் இரண்டு தேர்வுகளே அதிகம்.

நினைவூட்டல் எப்போது வர வேண்டும் என்பதற்கு ஆறு தேர்வுகள் வைத்திருந்தோம். பயனர் யாரும் அவற்றைக் கேட்கவில்லை. எங்களுக்குள் ஒத்துப்போகாததால், எல்லோருடைய கருத்தையும் திரையில் ஏற்றிவிட்டோம். சிக்கலை ஓரளவுக்கு மேல் ஒழிக்க முடியாது, அதை யார் சுமப்பது என்பதே கேள்வி என்றார் கணினி விஞ்ஞானி லாரி டெஸ்லர். நாங்கள் சுமக்க வேண்டியதைப் பயனர் தலையில் வைத்திருந்தோம். ஒரு நாள் முன்பு என்று நாங்களே முடிவு செய்து, மாற்றிக்கொள்ள அருகிலேயே வழி வைத்தோம்.

இப்படி நாமே முடிவு செய்யும்போது யாருடைய நன்மைக்காக என்று பார்க்க வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி இணையக் குக்கீகளுக்கான (இணையதளங்கள் நம் கருவியில் சேமிக்கும் சிறு கோப்புகள்) ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. எங்கள் செயலியில் விளம்பரச் செய்திகளுக்கான பெட்டியும் டிக்குடன்தான் இருந்தது. அந்த டிக்கை எடுக்கச் சொல்லி இரண்டு கூட்டங்களில் வாதாடினேன். இப்போது அந்தப் பெட்டி காலியாக இருக்கிறது.