பச்சை விழுந்தும் நகராத வண்டிகள்

குறுக்குச் சாலையில் ஒரு வண்டிகூட இல்லாதபோது அந்தப் பக்கம் பச்சை எரிந்துகொண்டே இருப்பதையும், முதன்மைச் சாலையில் நீண்ட வரிசை சிவப்புக்குக் கட்டுப்பட்டு நிற்பதையும் காணும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. சாலையை அகலப்படுத்த நிலமும் பெரும் பணமும் வேண்டும். சிக்னலின் நேரத்தைத் திருத்தப் பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சில எண்களை மாற்றினாலே போதும்.

ஆளில்லாச் சாலைக்குப் பச்சை கிடைப்பதற்குப் பல நேரங்களில் காரணம் சாலைக்கு அடியில் இருக்கிறது. வண்டி வந்து நிற்பதை உணர்வதற்காகத் தார்ப்பரப்பில் கம்பிச் சுருளைப் புதைத்து வைக்கிறார்கள். சாலையைத் தோண்டும்போதோ புதிதாகத் தார் போடும்போதோ அந்தக் கம்பி அறுந்துவிட்டால், யாரும் நிரந்தரமாகக் காத்திருக்க நேரக்கூடாது என்பதற்காக, அங்கே எப்போதும் வண்டி நிற்பதாகவே கருவி எடுத்துக்கொண்டு, எல்லாத் திசைகளுக்கும் பச்சை வந்துபோகும் ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பச்சையையும் கொடுக்கும்படி அமைத்திருப்பார்கள். பாதுகாப்புக்கான ஏற்பாடுதான் என்றாலும், பழுதைக் கவனிக்க ஆளில்லாவிட்டால் அதுவே நெரிசலை வளர்க்கிறது.

வரிசை நீண்டால் பச்சையைக் கூட்டச் சொல்வது இயல்பு. பச்சை விழுந்ததும் முதல் வண்டி நகர ஓரிரு நொடிகள் வீணாகின்றன. அதன்பின் ஒரு தடத்தில் ஏறத்தாழ 2 நொடிக்கு ஒரு கார் கடக்கிறது. 30 நொடிப் பச்சையில் 14 கார்கள் போகும் என்றால், 20 கார்கள் நிற்கும் இடத்தில் 6 மிஞ்சும், அடுத்த சுற்றில் அவை புதிதாக வருபவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் பச்சையை நீட்டினால் மற்ற திசைகளின் சிவப்பும் நீள்கிறது. நின்றிருந்த வரிசை கரைந்த பிறகு வண்டிகள் இடைவெளி விட்டே வருவதால், நீட்டிய பச்சையின் பிற்பகுதி பாதி வீணாகிறது. திரும்பும் வண்டிகளுக்கான தனித்தடமும் அந்த நீண்ட சிவப்பில் நிரம்பி வழிந்து, நேராகச் செல்பவர்களை மறிக்கிறது. சுற்றைக் குறைத்துக்கொண்டே போவதும் தீர்வல்ல. பச்சை ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் 4 நொடி வீணானால், நான்கு முறை மாறும் 60 நொடிச் சுற்றில் 16 நொடி போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே காத்திருப்பு மிகக் குறையும் அளவைக் கணக்கிடுவதற்கான சூத்திரத்தை வெப்ஸ்டர் என்ற போக்குவரத்து ஆய்வாளர் 1958-லேயே பிரிட்டனில் வெளியிட்டுவிட்டார்.

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய குறை, அடுத்தடுத்த சிக்னல்கள் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவதுதான். 400 மீட்டர் இடைவெளியை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 36 நொடி ஆகும். ஆகவே அடுத்த பச்சை அந்த 36 நொடி கழித்து விழ வேண்டும். அங்கே ஏற்கெனவே வரிசை இருந்தால், அது கலைவதற்காகச் சற்று முன்னதாகவே விழ வேண்டும். இந்த ஒருங்கிணைப்பு இல்லாமல் அடுத்த சந்திப்பு அடைபட்டுக் கிடக்கும்போது, பின்னால் விழும் பச்சை வண்டிகளைச் சந்திப்பின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அதன்பின் குறுக்கே செல்வோருக்குப் பச்சை விழுந்தாலும் வழியில்லை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1917-லேயே ஆறு சந்திப்புகளின் விளக்குகளை இணைத்து ஒரே இடத்திலிருந்து இயக்கினார்கள் என்பதை எண்ணும்போது, இன்றும் தனித்தனியாக இயங்கும் சிக்னல்களுக்கு என்ன நியாயம் இருக்க முடியும் என்று தெரியவில்லை.

காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த்திசையிலும் போக்குவரத்து பெருகும் சாலைக்கு நாள் முழுவதும் ஒரே நேர அட்டவணை வைப்பதும் இதே அலட்சியம்தான். ஆனால் எந்தத் திருத்தத்திலும் நடப்பவர்களின் நேரத்தில் கை வைக்கக்கூடாது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கே 15 மீட்டர் சாலையைக் கடக்க 12 நொடிக்கு மேல் வேண்டும். முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

புகார் எழுதுபவர்கள் வெறுமனே நெரிசல் என்று எழுதாமல், எந்தத் திசையில், எந்த நேரத்தில், பச்சை முடியும்போது எத்தனை வண்டிகள் மிஞ்சுகின்றன, அதே சுற்றில் எந்தப் பக்கம் பச்சை வெறுமனே எரிகிறது என்று எழுதினால், நேரத்தைத் திருத்தும் பொறியாளருக்குத் தேவையான விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.