நேஷனல் ரேடியோ: டயல் நூல் ஏறிவிட்டது

ஊசி ஓடுகிறது. மீடியம் வேவில் 530 கிலோஹேர்ட்ஸில் தொடங்கி 1605 வரைக்கும், நடுவில் எங்கேயும் வழுக்காமல், குமிழைத் திருப்பும் வேகத்துக்கே ஓடுகிறது. குமிழைத் திருப்பும்போது நிலையம் காட்டும் ஊசியை இழுத்துக்கொண்டு போவதுதான் டயல் நூல். பழைய செட்டுக்கு அதைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு என் சந்தோஷம் விளங்கும். சத்தம் வராத செட்டைப் பேச வைப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. நூல்தான் என்னை இவ்வளவு நாளும் இழுத்தடித்தது.

செட் நேஷனல். மீடியம் வேவ் ஒன்று, ஷோர்ட் வேவ் இரண்டு, நாலு பெரிய பேட்டரி. எப்.எம். கிடையாது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மாமனாருடைய லயத்துக் காம்பராவில், அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் பல வருஷமாகக் கிடந்தது. முன்பக்கத் துணி புகையில் கறுத்து, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே போர்டு அப்படியே பளிச்சென்று இருக்கிறது. நம் பக்கத்து மூடுபனிக்கு, மீடியம் வேவ், ஷோர்ட் வேவ் மாற்றும் பேண்ட் சுவிட்சின் வெள்ளி முலாம் கறுத்துப்போகும், ஸ்பீக்கர் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புச் சூடு இரண்டையும் அண்ட விடவில்லை. அலுமாரிக்குள் துணி சுற்றிப் பத்திரமாக வைத்த செட்டுகள்தான் என் மேசைக்கு மோசமான நிலையில் வந்திருக்கின்றன. வீட்டில் பழைய ரேடியோ வைத்திருப்பவர்கள் அதை உலர்ந்த இடத்தில் வையுங்கள். புகை பட்டால் துடைத்துக்கொள்ளலாம், ஈரம் பட்டால் துடைக்க முடியாது.

மின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரிப் பெட்டியில் கசிவு காய்ந்து கிடந்தது. சாதாரண பேட்டரியின் கசிவு அமிலம், அதற்கு அப்பச்சோடாக் கரைசல். அல்கலைன் பேட்டரியின் கசிவு காரம், அதற்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினாகிரி. எது கசிந்தது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். சத்தத்தைக் கூட்டினால் 'பட பட பட' என்று மோட்டார் படகு போல அடித்தது. சப்ளையில் நிற்கிற பெரிய கண்டென்சர் காய்ந்துவிட்டதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. அதை மாற்றியதும் நின்றுவிட்டது. அதே மாதிரிக் காய்ந்துபோகிற மற்ற எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் எல்லாவற்றையும் அதே கையோடு மாற்றினேன். வால்யூமுக்கும் பேண்ட் சுவிட்சுக்கும் கொண்டாக்ட் கிளீனர். இங்கே ஒரு கோபத்தைச் சொல்லியே ஆகவேண்டும்: துருப்பிடித்த நட்டைக் கழற்றுகிற எண்ணெய் ஸ்ப்ரேயைச் சுவிட்சுக்குள் அடிப்பதை நிறுத்துங்கள். எண்ணெய் உள்ளேயே தங்கி, தூசியைப் பிடித்து, அடுத்த மழைக்காலத்துக்குள் சேறாகிவிடும். நிலையங்களைப் பிரித்தெடுக்கிற 455 கிலோஹேர்ட்ஸ் ஐ.எப். காயில்களில் நான் கையே வைக்கவில்லை. சத்தம் சுத்தமாக வரும் செட்டில் அந்தத் திருகுகளுக்கு ஸ்குரூ டிரைவர் போகக்கூடாது.

இனி நூலுக்கு வருவோம்.

பின்மூடியின் உட்புறத்தில் சர்க்கிட் படமும், அதற்குப் பக்கத்தில் நூல் போகும் பாதையும் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். காகிதம் பழுத்திருந்தாலும் வாசிக்க முடிகிறது. இதை விற்றவர்கள், ஒரு நாள் இது பழுதாகும், யாரோ ஒருவன் திறப்பான், அவனுக்கு வழி தெரியவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

பாதை லேசானதுதான். நிலையம் மாற்றும் பாகமான கேங் கண்டென்சரின் தண்டில் பெரிய சக்கரம், அதன் வயிற்றில் ஸ்பிரிங், டயலின் மூலைகளில் சின்னக் கப்பிகள், கீழே குமிழின் தண்டு. வில்லங்கம் எல்லாம் நூலிலும் ஸ்பிரிங்கிலும்தான்.

முதலில் நூல். பருத்தி நூல் நம் ஊருக்குச் சரிவராது. காலைப் பனியில் ஈரம் குடித்து இறுகும், வெயில் வந்ததும் தளரும், ஊசி நின்ற இடத்தில் நிற்காது. தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலோன் நூல், வழவழப்பானது. தண்டைப் பிடிக்காது, குமிழ் சுற்றும், ஊசி அசையாது. அதோடு சுருட்டி வைத்த வளைவு அதை விட்டுப் போகவும் மாட்டாது. செருப்புத் தைக்கிற மெழுகு நூல் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் பருமன் அதிகம், தண்டின் பள்ளத்தில் மூன்று சுற்று அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. கடைசியில் கைகொடுத்தது பின்னிய மீன்பிடி நூல். இழுபடாது, ஈரத்தைக் குடிக்காது. ஒரு குறை உண்டு, முடிச்சு நழுவும். அதற்கு முடிச்சை இரட்டித்துப் போட்டு, மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிட வேண்டும். தண்டில் கொஞ்சம் ரோசின் தூளைத் தேய்த்தால் வழுக்கலும் போய்விடும். சோல்டர் பண்ணுகிறவர்கள் எல்லாரிடமும் ரோசின் கட்டி இருக்கும்.

தண்டில் மூன்று சுற்று. ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறவே கூடாது, ஏறினால் ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் திரும்பும்போது இறுகி நிற்கும். சுற்றும் திசையையும் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் குமிழை வலப்பக்கம் திருப்ப ஊசி இடப்பக்கம் போகும். அம்மாவின் கொக்கி ஊசி இந்த வேலைக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. கப்பிக்குப் பின்னால் விரல் போகாத இடத்தில் நூலை இழுத்தெடுக்க அதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை.

அடுத்தது ஸ்பிரிங். நூலின் ஒரு முனையைச் சக்கரத்தில் கட்டி, பாதை முழுக்கச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையை ஸ்பிரிங்கில் கட்டும்போதுதான் எல்லாம் குலையும். ஒரு கையால் நூலை இழுத்துப் பிடித்தால் மறுகையால் முடிச்சுப் போட முடியாது. விட்டால் மூன்று சுற்றும் அவிழ்ந்து விழும். முடிச்சு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் நூல் தொய்யும், அல்லது ஸ்பிரிங் முழுசாக இழுபட்டுத் திருப்பவே கடினமாகும். ஸ்பிரிங் பாதி அளவுக்கு இழுபட்டு நிற்கவேண்டும், அதுதான் கணக்கு.

ஹட்டனில் ஒருகாலத்தில் ரேடியோக் கடை வைத்திருந்த பாஸ் (கைதேர்ந்த வேலைக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் இருக்கிறார். கடையை மூடிப் பல வருஷம், கண்ணும் கொஞ்சம் மங்கல். அவரிடம் கேட்டேன். "தம்பி, நூலை ஏன் இழுக்குற? ஸ்பிரிங்கை மொதல்ல இழுத்துக் கட்டு. நூலைச் சும்மா முடிஞ்சு விடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து, கெட்டியான கம்பித் துண்டை இரண்டு பக்கமும் கொக்கியாக வளைத்து, ஸ்பிரிங்கைப் பாதி இழுத்த நிலையில் அதை மாட்டிவிட்டேன். இப்போது ஸ்பிரிங் இழுபட்டபடி தன்பாட்டில் நிற்கிறது. கேங்கை முழுக்க மூடி, சக்கரம் அசையாமல் டேப் ஒட்டி, தண்டில் இருந்த மூன்று சுற்றின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். பிறகு நூலைத் தொய்வில்லாமல் பிடித்து நிதானமாக முடிச்சுப் போட்டு, நகப்பூச்சு வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கம்பியை எடுத்தேன். ஸ்பிரிங் கொஞ்சம் சுருங்கி நூலை இழுத்துக்கொண்டது. டேப்பை உரித்துக் குமிழைத் திருப்பினேன், ஊசிக்கான தடத்தில் நூல் வழுக்காமல் ஓடியது. இவ்வளவு எளிய உபாயத்தை எந்தச் சர்வீஸ் காகிதத்திலும் நான் பார்த்ததில்லை. பாஸுக்கு ஒரு பெரிய பை நிறைய இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஊசியை அன்றைக்கே இறுக்கவில்லை. இரவு வரைக்கும் பொறுத்தேன். பகலில் வானத்தின் கீழடுக்கு மீடியம் வேவை உறிஞ்சிவிடும், பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்து, தூரத்து நிலையங்கள் மேலே பட்டுத் திரும்பி வரும். திருச்சி 936, தூத்துக்குடி 1053. இரண்டும் மலைக்கு மேலே சுத்தமாக வந்தன. முதலில் 936இல் ஊசியை வைத்தேன், பிறகு 1053க்கு ஓட்டிப் பார்த்தேன், எண்ணுக்கு நேரே நின்றது. அதன் பிறகுதான் ஊசியின் பிடியை நூலில் இறுக்கினேன்.

மச்சினனுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "மச்சான், இந்த நேரத்துக்குப் புதுசா ஒன்னு வாங்கிட்டுப் போயிருக்கலாமே" என்றான். போன வருஷம் அவன் வாங்கிய புளூடூத் ஸ்பீக்கரைத்தான் நான் பதிலாகக் காட்டினேன். எப்.எம். உண்டு, மெமரி கார்ட் உண்டு, பார்க்க அழகு. பேட்டரி வீங்கியதும் கதை முடிந்தது. ஒரு திருகுகூட இல்லை, உடல் முழுக்கப் பசையால் ஒட்டியது. கவனமாகக் கீறித் திறந்து பார்த்தால் பேட்டரியில் அளவும் இல்லை, எண்ணும் இல்லை. வாங்கிய கடைக்காரர் "புதுசு எடுங்க" என்கிறார். அவனுடைய காசு, அவனுடைய உழைப்பு. அது குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்கு வலிக்கிறது.

பழைய பிராண்டுதான் நல்லது என்று நான் சொல்லவில்லை. பெயர் இன்றைக்கு எதையும் சொல்வதில்லை. என் செட்டில் இருக்கிற நேஷனல், மட்சுஷிட்டா என்ற ஜப்பான் கம்பனியின் பெயர். 2008 ஒக்டோபர் 1இல் கம்பனியே பானசோனிக் என்று பெயர் மாற்றிக்கொண்டது, நேஷனல் ஒதுங்கிவிட்டது. அந்தக் கம்பனியை நிறுவிய மட்சுஷிட்டாவின் மைத்துனர் 1947இல் தொடங்கிய சான்யோவையும் பானசோனிக்கே 2009இல் வாங்கிவிட்டது. ஐவாவைச் சோனி 2002இல் தனக்குள் சேர்த்துக்கொண்டு பிறகு அந்தப் பெயரையும் கைவிட்டது. ஷார்ப் 2016இல் தாய்வானின் பொக்ஸ்கோன் கைக்குப் போனது. தோஷிபாவின் டீவிப் பகுதி 2018இல் ஹைசென்ஸிடம். பிலிப்ஸ் என்று எழுதிய டீவியைச் செய்வது வேறு கம்பனி. நம் வீடுகளில் கலியாணச் சீராக வந்த பெயர்கள் இவை. இன்றைக்குக் கடையில் அதே எழுத்தைப் பார்த்து, "இது நம்ம அப்பா காலத்து சாமான்" என்று நம்பி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். எழுத்தைப் பார்க்காதீர்கள், சாமானைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். திருகு இருக்கிறதா, பேட்டரியைக் கழற்றி மாற்றலாமா, உள்ளே கை போகுமா என்று பாருங்கள். எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் நான் அதைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

2022இல் டொலர் இருநூறு ரூபாய்ப் பக்கத்திலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியபோது, புதுசு என்ற பேச்சே பல வீடுகளில் நின்றுபோனது. என்னிடம் பழுது பார்க்கச் சாமான் வரத்தொடங்கியதும் அப்போதுதான். 2025 நவம்பர் கடைசியில், டித்வா புயலில் பாதைகள் அறுந்து, கரண்டும் போன் சிக்னலும் போய்க் கிடந்த நாட்களில், பேட்டரியில் ஓடுகிற ரேடியோ இருந்த வீடுகளில்தான் செய்தி இருந்தது. நாலு பேட்டரியில் வாரக்கணக்காக ஓடும் பெட்டியைப் 'பழசு' என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

சாமான் வாங்கும் இடங்கள் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். கண்டென்சருக்குக் கொழும்பு புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு. வெளி முகப்பில் போன் கவரும் சார்ஜரும்தான் தொங்கும், மாடிப்படி ஏறிக் கேட்டால் உதிரிப்பாகம் கிடைக்கும். வோல்டேஜைப் பார்த்து வாங்குங்கள். ஆறு வோல்ட் செட்டுக்குப் பதினாறு வோல்ட் கண்டென்சர் தாராளம், அதைவிடக் கூடினால் உடல் பெருத்துப் போர்டில் அடங்காது. பின்னிய மீன்பிடி நூல் நீர்கொழும்பில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் எடுத்தது. ஒரு சுருள் என் ஆயுளுக்குப் போதும், மலைப்பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் ஒரு மீட்டர் வெட்டித் தருகிறேன்.

செட் இன்னும் முடியவில்லை. ஷோர்ட் வேவ் இரண்டில் மேல் முனை மந்தமாக இருக்கிறது, 19 மீட்டர், 16 மீட்டர் அலைவரிசைகள் இரைச்சலோடு நிற்கின்றன. அந்த முனையைச் சரிசெய்யும் சின்னத் திருகு கண்டென்சரான டிரிம்மரில் பழுது என்று நினைக்கிறேன், கூரையிலிருந்து நீளமான ஏரியல் கம்பி ஒன்று இழுத்துப் பார்த்த பிறகே கை வைப்பேன். 2017 ஏப்ரலில் பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்ற பிறகு ஷோர்ட் வேவில் தேடித் தமிழ் கேட்க அதிகம் மிச்சமில்லை என்பது உண்மைதான். அதற்காக அந்தப் பட்டையைச் செத்ததாக விட எனக்குச் சம்மதம் இல்லை. முன்பக்கத் துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவ வேண்டும், கிழியுமோ என்ற பயத்தில் தள்ளிப்போட்டு வருகிறேன்.

அதற்குள் அடுத்த ஆள் மேசைக்கு வந்தாயிற்று. பக்கத்து வீட்டு அக்காவின் சான்யோ கெசட் ரேடியோ. ரேடியோ பாடுகிறது, கெசட் சுற்றவில்லை. வழக்கம் போல ரப்பர் பெல்ட் உருகித் தாராகிவிட்டது. கப்பியில் ஒட்டியதை ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்து எடுக்கிறேன், கறை கையைவிட்டுப் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் அளவுக்கு நூலைக் கப்பிகளைச் சுற்றிப் பிடித்து அளந்து, அதிலிருந்து ஐந்து சதவீதம் குறைத்து எழுதி வைத்திருக்கிறேன். சதுர வெட்டுப் பெல்ட்தான் வேண்டும், தட்டையானது அந்தக் கப்பிப் பள்ளத்தில் நிற்காது. அடுத்த முறை கொழும்பு போகும்போது அதையும் தேடுவேன். நேஷனலின் டயலுக்கு உள்ளே இருந்த சின்ன ஆறு வோல்ட் பல்பு, திருகு கழுத்து உள்ளது, யாரிடமாவது பழைய பெட்டியில் கிடந்தால் சொல்லுங்கள். எல்.ஈ.டி. போட எனக்கு விருப்பமில்லை, அந்த மஞ்சள் வெளிச்சம்தான் வேண்டும்.