கடைசி இடத்தில் இருந்துகொண்டு ஆள் எடுத்த அனுபவம்

சீசன் பாதி தாண்டியபோது எங்கள் கால்பந்து க்ளப் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. நடு சீசன் டிரான்ஸ்ஃபர் விண்டோவில், அதாவது க்ளப்புகள் ஆள் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் காலத்தில், யாரை எடுப்பது, யாரை அனுப்புவது என்று கோச்சுக்கும் நிர்வாகத்துக்கும் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் சின்னக் குழுவில் நானும் ஒருவன். அந்த விண்டோவை எப்படிக் கடந்தோம் என்று எழுதிவைத்தால் இதே நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு க்ளப்பில் ஒருவருக்காவது பயன்படும் என்று தோன்றியது. ஆட்டக்காரர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அவர்கள் பெயரும் க்ளப் பெயரும் இதில் வராது.

தோற்கும் அணியைச் சுற்றி இருப்பவர்கள் முதலில் கேட்பது கோல் அடிக்க முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர்தான். ரசிகர்கள் கேட்டார்கள், பணம் போடும் நிர்வாகி கேட்டார், எங்கள் கேப்டனே கேட்டார். கோல் விழவில்லை என்பது உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பட்டியல் எழுத உட்காருவதற்கு முன் அந்த சீசனில் நாங்கள் வாங்கிய எல்லா கோல்களையும் வீடியோவில் திரும்பப் பார்த்தோம். கோல் விழுந்ததற்குப் பத்துப் பதினைந்து நொடி முன்னால் பந்து எங்கே, யார் காலிலிருந்து பறிபோனது என்று மட்டும் குறித்துக்கொண்டே வந்தோம், அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

பெரும்பாலும் எங்கள் பாதியில், இடது பக்கத்தில்தான் பந்து போயிருந்தது. இடது சென்டர் பேக்காக, அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நிற்கும் இரண்டு டிஃபெண்டர்களில் இடது பக்கத்தவராக, ஆடியவர் நல்ல டிஃபெண்டர், தலையால் பந்தை வெளியேற்றுவதில் கெட்டிக்காரர், ஆனால் வலது கால்காரர். கோல்கீப்பரிடமிருந்து பந்து வந்தால் அதை வலது காலில் வாங்க உடம்பை உள்பக்கம் திருப்பியாக வேண்டும். திருப்பிய அந்த நொடியில் இடது ஓரத்தில் நிற்கும் டிஃபெண்டரான லெஃப்ட் பேக்குக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். எதிரணி ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் வளைந்து ஓடிவந்தால் போதும், இவருக்கு மிச்சம் இருப்பது கோல்கீப்பருக்கே திருப்பிக் கொடுப்பது, இல்லையென்றால் தூக்கி அடிப்பது. தூக்கி அடித்த பந்து உயரம் குறைந்த எங்கள் ஸ்ட்ரைக்கரைத் தாண்டி எதிரணி டிஃபெண்டர் தலைக்குப் போகும், அவர் அதை நேராக நடுக்களத்தில் இறக்குவார், அங்கே டிஃபென்ஸுக்கு முன்னால் காவல் நிற்க எங்களிடம் இருந்த ஒரே டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் இரண்டு பேருக்கு நடுவில் தனியாக நிற்பார். ஆக, ஸ்ட்ரைக்கருக்குப் பந்தே வரவில்லை என்ற புகாரும் டிஃபென்ஸ் ஓட்டை என்ற புகாரும் கிளம்பியது ஒரே இடத்திலிருந்து. இதை முதலில் சொன்னது குழுவிலேயே வயதில் சிறியவர், வீடியோ வெட்டும் வேலைக்கு வந்தவர்.

அப்புறம் ஸ்குவாடை, அதாவது மொத்த ஆட்டக்காரர்களை, ஒரு பெரிய தாளில் இடவாரியாக எழுதினோம். ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள் யார், அவருக்கு அடிபட்டால் யார், அவரும் இல்லையென்றால் யார், எந்தக் கால், வயது என்ன, ஒப்பந்தம் எப்போது முடிகிறது. பக்கத்தில் இன்னொரு நிறத்தில், இன்னும் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினால் வெளியே உட்கார வேண்டியவர்கள் யார் என்றும் எழுதினோம். ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர்கள் மட்டும் தாளில் இடம் போதாத அளவுக்கு இருந்தார்கள். இடது கால் சென்டர் பேக் ஒருவர்கூட இல்லை. டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் இடத்தில் ஒரே பெயர், அவருக்கும் முப்பது தாண்டியாகிவிட்டது.

இது எப்படி ஆனது என்று யோசித்தால் யாரையும் தனியாகக் குறை சொல்ல முடியாது. கோச் மாறிக்கொண்டே இருந்த க்ளப் இது. ஒருவர் மூன்று டிஃபெண்டர்களை வைத்து இரண்டு பக்கமும் விங் பேக்குகளை ஏற்றி ஆடினார், அவருக்காக எடுத்தவர்களுக்கு நான்கு பேர் டிஃபென்ஸில் இடமே இல்லை. அடுத்தவர் கவுன்டர் அட்டாக்கை நம்பினார், வேகமான விங்கர்கள் வந்து குவிந்தார்கள். இப்போது இருப்பவர் பின்னாலிருந்து சின்னச் சின்ன பாஸாகக் கட்டி வரவேண்டும் என்கிறார். ஒவ்வொருவர் கேட்டதும் அவரவர் ஆட்டத்துக்குச் சரிதான், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் ஸ்குவாட் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. பெரிய க்ளப்புகளிலும் இது நடக்கிறது. 2018-19இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஃபுல்ஹாம் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவு செய்து ஒரு கூட்டத்தையே புதிதாக எடுத்தது, ஒரே சீசனில் யோகனோவிச், ரனியேரி, பார்க்கர் என்று மூன்று பேர் கோச் பொறுப்பில் இருந்தார்கள், கடைசியில் 26 புள்ளிகளோடு கீழ் லீகுக்கு இறங்கியது.

எதிர் உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே லீகில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2022 கோடை விண்டோவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டவர்களை எடுத்தது, எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள், ஆனாலும் 38 புள்ளிகளோடு 16ஆம் இடத்தில் தப்பித்தது. ஆகவே நிறைய எடுத்தாலே மூழ்கிவிடுவோம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கோச்சை நடுவில் மாற்றவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்களிடம் அந்த மாதிரிப் பணமெல்லாம் கிடையாது. ஒருவர் சம்பளம் வெளியே போனால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும் என்று கணக்கு பார்ப்பவர் முதல் நாளே சொல்லிவிட்டார். பணம் இருக்கும் க்ளப்புக்கும் கட்டுப்பாடு உண்டு என்று அவர் பிரீமியர் லீகின் எவர்ட்டனைக் காட்டினார்: 2023-24 சீசனில் நஷ்ட வரம்பை மீறியதற்கு 10 புள்ளி வெட்டினார்கள், அப்பீலில் அது 6 ஆனது, பிறகு இன்னொரு வழக்கில் 2 போனது. ரிலகேஷன், அதாவது கீழ் லீகுக்கு இறங்கும், பயத்தில் இருக்கும் அணிக்கு 8 புள்ளி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இது போக, பதிவுப் பட்டியலுக்கும் பல லீக்குகளில் வரம்பு இருக்கிறது. பிரீமியர் லீகில் 21 வயதைத் தாண்டியவர்கள் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அதிலும் உள்ளூர் பயிற்சியில் வளராதவர்கள் 17 பேர்தான். எங்கள் லீகிலும் வரம்பு உண்டு. இடது சென்டர் பேக், டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் என்று இரண்டு பேரை எடுக்க முடிவு செய்தால், இரண்டு பேரை அனுப்பவும் முடிவு செய்தாக வேண்டும்.

மிட்ஃபீல்டர் தேடலில்தான் எங்கள் முதல் பெயர் கைநழுவிப் போனது. ஆள் எங்களுக்கு அச்சாகப் பொருந்தினார், சம்பளமும் ஒத்துவந்தது. ஆனால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி ஒரு சீசனில் ஒருவரை மூன்று க்ளப்புகள்வரை பதிவு செய்யலாம், அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் அவர் இறங்கக்கூடியது பொதுவாக இரண்டு க்ளப்புகளுக்குத்தான். அவர் சீசன் தொடக்கத்தில் ஒரு க்ளப்புக்கு ஒரு மேட்சில் கடைசி சில நிமிடங்கள் மாற்று ஆளாக இறங்கிவிட்டு அடுத்த க்ளப்புக்கு லோனில், அதாவது தற்காலிக இரவலாக, போயிருந்தார், அங்கேயும் ஆடிவிட்டார். அந்தச் சில நிமிடங்கள் போதும், எங்களுக்கு அவர் கிடைக்க மாட்டார். பேச்சுவார்த்தை தொடங்கும் முன் ஒவ்வொருவருக்கும் அந்த சீசனின் ஆட்ட வரலாற்றை முழுக்கப் பார்த்துவிடுங்கள், கோப்பை ஆட்டங்களையும் சேர்த்து.

சென்டர் பேக்கை லோனில் எடுப்பது என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்திருந்தோம். இதற்கு என் மனதில் இருந்தது 2014-15 பிரீமியர் லீக் சீசனின் லெஸ்டர். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் இருந்த அணி, நடு சீசனில் ஸ்டோக் க்ளப்பிலிருந்து ராபர்ட் ஹூத் என்ற சென்டர் பேக்கை லோனில் கொண்டுவந்தது. அவர் வந்ததால் மட்டும்தான் எல்லாம் மாறியது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அனுபவமுள்ள ஒரு டிஃபெண்டர் உள்ளே வந்தபின் அந்த அணி நிற்கும் விதமே வேறாகத் தெரிந்தது. கடைசி 9 ஆட்டங்களில் 7 ஜெயித்துத் தப்பித்தார்கள், அடுத்த சீசன் சாம்பியன் ஆனபோதும் ஹூத் அங்கேதான் இருந்தார். 2022 ஜனவரி நியூகாசிலையும் பார்த்தோம். முதல் 14 ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்காத அணி, ட்ரிப்பியர், புரூனோ கிமராயெஸ், கிறிஸ் வுட், டார்கெட் ஆகியோரோடு டான் பர்ன் என்ற இடது கால் சென்டர் பேக்கையும் எடுத்து 11ஆம் இடத்தில் முடித்தது. அவர்கள் செலவு எங்களுக்குக் கனவு, ஆனால் எந்தெந்த இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள் என்று பார்ப்பதற்குக் காசு வேண்டாமே.

லோன் பேச்சில் கவனிக்க வேண்டியவை நிறைய. சம்பளத்தில் எத்தனை பங்கு யாருடையது, அடிபட்டால் சிகிச்சை யார் செலவு, நடுவில் திரும்பக் கூப்பிடும் உரிமை அந்த க்ளப்புக்கு உண்டா, நாங்கள் லீகில் தங்கினால் வாங்கியே ஆக வேண்டுமா. இந்தக் கடைசி நிபந்தனையைப் பார்த்து எங்கள் நிர்வாகம் பயந்தது. எனக்கு அது நல்ல நிபந்தனையாகப் பட்டது, ஏனென்றால் கீழே இறங்கினால் அந்தப் பாரம் நம் தலையில் இல்லை. நாடு விட்டு நாடு எடுக்கும் லோனுக்கு ஃபிஃபா 2024 ஜூலையிலிருந்து ஒரு க்ளப்புக்கு உள்ளே 6, வெளியே 6 என்று வரம்பு வைத்திருக்கிறது, லோனில் வந்தவரை மறுபடி லோனில் அனுப்பவும் கூடாது. எங்கள் அளவுக்கு இந்த வரம்பு இடிக்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட் பெரிய பெயர் ஒன்றோடு வந்தார். வயதான ஸ்ட்ரைக்கர், எல்லோருக்கும் தெரிந்தவர், சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளத் தயார். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் அன்றே கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள், டிக்கெட் விற்கும் என்றார்கள், அது உண்மையும்கூட. நாங்கள் ஒரே ஒரு விஷயத்தைக் காட்டினோம்: கடந்த ஆட்டங்களில் எதிரணி பெனால்டி பாக்ஸுக்குள் எங்கள் அணி பந்தைத் தொட்ட இடங்களின் படம். கிட்டத்தட்ட காலியாக இருந்த படம் அது. அங்கே யாரை நிறுத்தினாலும் பந்து போனால்தானே அடிக்க முடியும். ஜெர்மனியின் ஷால்கே 2021 ஜனவரியில் முஸ்தாஃபி, கொலாசினாக், முப்பத்தேழு வயது ஹுண்டெலார் என்று தெரிந்த பெயர்களாக எடுத்தும் 16 புள்ளிகளோடு கடைசியாக இறங்கியது. தொடர்ந்து 30 லீக் ஆட்டங்கள் ஜெயிக்காமல் இருந்த அந்த அணிக்கு அந்தத் தொடரை உடைத்துக் கொடுத்த ஹாட்ரிக்கை அடித்தவர் 19 வயது மேத்யூ ஹாப்பி, அவர்கள் அகாடமிப் பையன். இதைச் சொன்னதும் கோச் எங்கள் இளைஞர் அணி ஸ்ட்ரைக்கரை சீனியர் பயிற்சிக்கு அழைத்தார். வாக்கெடுப்பில் குறைந்த வித்தியாசத்தில்தான் எங்கள் பக்கம் தீர்ந்தது, ஏஜென்ட் கோபமாகப் போனார்.

அனுப்புவதுதான் மனதுக்குக் கஷ்டமான பகுதி. அனுப்ப முடிவு செய்த இரண்டு விங்கர்களில் ஒருவர் தானாகவே வேறு க்ளப் தேடிக்கொண்டிருந்தார், அவரை வழியனுப்புவது சுலபமாக முடிந்தது. இன்னொருவர் நான்கு சீசன் உழைத்தவர், உடை மாற்றும் அறையில் இளையவர்களுக்கு அண்ணன் மாதிரி இருந்தவர். "நான் என்ன சரியில்லை என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்றார். அவர் ஆட்டத்தில் எதுவும் சரியில்லாமல் இல்லை, அவர் இடத்தில் ஆட்கள் அதிகம், வேறு இடத்தில் ஆளே இல்லை, அவ்வளவுதான். அதை நேராகவே சொன்னேன். கோச்சும் கூட இருந்து சொன்னார். இந்தப் பேச்சை ஏஜென்ட் மூலமாகவோ குறுஞ்செய்தியிலோ முடிக்கும் க்ளப்புகள் இருக்கின்றன, அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள், மிச்சம் இருக்கும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் அதைக் கவனிக்கிறார்கள்.

எங்கள் கேப்டன் விஷயம் தனி. ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதத்துக்குள் வந்திருந்தார், அதாவது அடுத்த சீசனுக்கு வேறு க்ளப்போடு சுதந்திரமாகக் கையெழுத்திடலாம், எங்களுக்கு ஒரு காசு வராது. இப்போதே சிறு தொகைக்கு விற்றுவிடலாம் என்ற யோசனை வந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன். கீழே இறங்கினால் போகும் வருமானத்துக்கு முன் அந்தத் தொகை ஒன்றுமே இல்லை, மேலும் அவர் போனால் நடுக்களத்தில் பந்தை முன்னே எடுத்துச் செல்ல இன்னொருவர் இல்லை. அவர் தங்கினார்.

கடைசி நாள் வரை சென்டர் பேக் வந்து சேரவில்லை. அவருடைய க்ளப்புக்கு மாற்று ஆள் கிடைத்தால்தான் விடுவார்கள், அந்த மாற்று ஆளை விடுவிக்க இன்னொரு க்ளப்புக்கு மாற்று வேண்டும், இப்படியே சங்கிலி. எங்களால் செய்ய முடிந்தது, மருத்துவப் பரிசோதனையையும் சம்பள ஒப்பந்தத்தையும் முன்கூட்டியே முடித்து, ஆள் மாற்றங்களைப் பதியும் ஃபிஃபாவின் கணினி அமைப்பான டிஎம்எஸ்ஸில் ஏற்ற வேண்டிய எல்லாக் காகிதத்தையும் கையெழுத்து ஒன்று மட்டும் பாக்கி என்ற நிலையில் வைத்திருந்ததுதான். வெளிநாட்டிலிருந்து வருபவர் என்றால் இரண்டு க்ளப்பும் அதே விவரத்தை ஏற்றியிருக்க வேண்டும், ஒரு எண் மாறினாலும் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் கேட்கும் வேலை நின்றுவிடும். 2017இல் மிட்ஃபீல்டர் அட்ரியன் சில்வாவின் காகிதம் 14 நொடி தாமதமாகப் போனதால் அவர் லெஸ்டருக்கு ஆட அடுத்த ஜனவரி வரை காத்திருந்தார். அந்தக் கதை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே கையெழுத்து வந்த நிமிடத்தில் அனுப்பிவிட்டோம். மிட்ஃபீல்டராகப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் அதற்கு முன்பே வந்துவிட்டார்.

வந்த உடனே எதுவும் மாறவில்லை. முதல் ஆட்டம் தோற்றோம், ஸ்ட்ரைக்கர் எங்கே என்ற சத்தம் அரங்கத்தில் நன்றாகவே கேட்டது. ஆனால் அந்த ஆட்டத்திலேயே இடது பக்கம் பந்து வெளியே வந்த விதம் வேறாக இருந்தது, லெஃப்ட் பேக் பாதிக்கோட்டைத் தாண்டி ஓட ஆரம்பித்திருந்தார். அப்புறம் வரிசையாக டிரா, குறைந்த கோல் ஆட்டங்கள், பார்க்க அழகில்லாதவை. இளைஞர் அணியிலிருந்து வந்தவர் அடித்தது ஒரே கோல்தான், அது புள்ளி தந்த கோல். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் லீகில் தங்குவது உறுதியானது.

தங்கிவிட்டதால் சென்டர் பேக்கை வாங்கும் நிபந்தனை அமலுக்கு வந்தது, கேப்டன் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிட்டார். இப்போது தாளில் காலியாக இருப்பது அவர் இடம். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டி முன்னே எடுத்துச் செல்லும் மிட்ஃபீல்டர், ஒப்பந்தம் முடியும் நிலையில் இருப்பவராக, இந்த சீசனில் நிறைய நிமிடம் ஆடியவராக. மூன்று பெயர் வைத்திருக்கிறோம், முதல் பெயரின் ஏஜென்ட்டோடு பேச்சு நடக்கிறது.