பயனீட்டாளர் சட்ட வரலாறு: தேர்வில் ஆண்டுப் பட்டியல் போடாதீர்கள்

"மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வளர்ந்த வரலாற்றை ஆராய்க" என்று கேட்டால், பல விடைத்தாள்கள் 1957, 1967, 1972, 1999 என்று வரிசை கட்டிவிட்டு நின்றுபோகும். ஆண்டுக்கு மதிப்பெண் கொஞ்சம்தான். முந்தைய சட்டத்தில் ஓட்டை எங்கே, அடுத்தது அதை எப்படி அடைத்தது என்பதைத்தான் தேடுவார்கள்.

ஒரு மிக்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வாங்கியது, இரண்டே நாளில் மோட்டார் கருகிவிட்டது. விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும் என்னும் 1957 பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வாங்கியவருக்குத் துணை. ஆனால் 62ஆம் பிரிவு, ஒப்பந்தம் போட்டு அந்தத் துணையையே விலக்கிவிட இடம் தருகிறது. கையெழுத்திட்ட ஆர்டர் பாரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போதும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இந்த வழியை மூடியது. 32ஆம் பிரிவின் தர உத்தரவாதத்தை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது. 16, 62, 6 என்ற இந்தக் கண்ணியை விட்டுவிடாதீர்கள்.

மிக்சி வெடித்து மாமியார் கை பொசுங்கினால்? அவர் ஒப்பந்தத்தில் இல்லை. பானப் புட்டியில் நத்தை கிடந்த வழக்கான 1932 டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் தீர்ப்பு, ஒப்பந்தம் இல்லாதவரும் உற்பத்தியாளர் மீது வழக்குப் போட வழி திறந்தது. ஆனாலும் உற்பத்தியாளரின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். 1999 சட்டத்தின் 10ஆம் பாகம் அந்தச் சுமையை இறக்கியது. மிக்சியின் விலையை மட்டும் இந்தப் பாகத்தில் கேட்க முடியாது. பலர் சறுக்கும் இடம் இது. நத்தைக் கதைக்கு ஒரு வரி தாராளம்.

1962இல் அமெரிக்க அதிபர் கென்னடி சொன்ன பயனீட்டாளரின் நான்கு உரிமைகள், 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், 1985 ஐ.நா. வழிகாட்டி நெறிகள் எல்லாம் ஒரே பத்தியில் அடங்கட்டும்.

1999 சட்டம் 1957 சட்டத்தை ரத்து செய்ததாக எழுதுவது பெரிய தவறு. 2(4) பிரிவின்படி அது மற்றச் சட்டங்களுக்குத் துணைச்சட்டம்தான்.

1999 சட்டம் அமைத்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். வழக்குச் செலவு மிக்சி விலையைத் தாண்டிவிடும் என்பதால் பிறந்தது அது. வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை. கோரிக்கை வரம்பு 10,000 ரிங்கிட்டில் தொடங்கி, 2003இல் 25,000, 2019இல் 50,000. பழைய நோட்ஸில் 25,000 என்றே இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள்.

நேரம் மிஞ்சினால் 1999 சட்டத்துக்கு வந்த 2010 திருத்தம்: 6ஆம் பிரிவு காத்தது உத்தரவாதங்களை, ஒப்பந்தத்தின் மற்ற அநியாய விதிகளைத் தொட்டது 24சி, 24டி பிரிவுகள்தான்.